ஈரத்துணி அண்ணி

என் அண்ணியின் வீட்டுக்குள் நுழைவது அவ்வளவு லேசான காரியமாக இருந்ததில்லை. வாசலில் ஒரு சாக்கு மிதியடி கிடக்கும். அதில் செருப்பைத் தேய்த்துவிட்டு, கழற்றி, வெளியே இருக்கும் பலகையில் வைக்க வேண்டும். கதவைத் தாண்டினால் ஓர் ஈர மிதியடி. அதில் இரண்டு காலையும் மிதித்துவிட்டு, பக்கத்தில் விரித்திருக்கும் காய்ந்த துணியில் துடைக்க வேண்டும். இவ்வளவும் முடித்து நிமிர்ந்தால் அண்ணி எதிரே நிற்பாள். தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு பார்வை. நான் தையல்காரி. என் மேல் எந்நேரமும் நூலும் பஞ்சும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

"அப்படியே நில்லு" என்பாள். ஈரத்துணியை எடுத்து வந்து என் தோளையும் முதுகையும் ஒற்றி எடுப்பாள்.

"நான் என்ன உங்க வீட்டு அலமாரியா அண்ணி?"

"அலமாரின்னா பேசாம நிக்கும்."

தெருவில் அவளுக்கு ஈரத்துணி என்றே பெயர். பால் போடுகிறவர்கூட "ஈரத்துணி வீட்டுக்கு ரெண்டு பாக்கெட்" என்றுதான் சொல்லுவார். அது அவள் காதிலும் விழுந்தது. கோபப்படவில்லை. காய்ந்த துணி என்று கூப்பிட்டால்தான் தனக்கு அவமானம் என்றாள்.

துடைப்பத்தை அவள் வீட்டுக்குள் விடுவதே இல்லை. பெருக்கினால் தூசி போகாது, கிளம்பி அலமாரி மேல் போய் உட்காரும், நாம் முதுகைத் திருப்பியதும் இறங்கி வரும் என்பாள். எல்லாம் ஈரத்துணிதான். அதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் மின்விசிறியின் இறக்கை, பிறகு அலமாரியின் தலை, ஜன்னல் கம்பி, மேசை, கடைசியில்தான் தரை. மேலேயிருந்து கீழே. வரிசை மாறினால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ஜன்னலுக்குத் திரை கிடையாது. பஞ்சு வைத்த நாற்காலி கிடையாது, துடைக்க வசதியாக எல்லாம் பிளாஸ்டிக். அட்டைப் பெட்டி ஒன்றுகூட வீட்டில் தங்காது. மெத்தையை வாரம் தவறாமல் வெயிலில் போட்டு எடுப்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் அந்த வீட்டில் ஒரு பொட்டுத் தூசியைக் கண்டுபிடிக்க முடியாது. நான் தேடியிருக்கிறேன். நாத்தனார் என்றால் அதைக்கூடச் செய்யாமல் இருப்பேனா?

அவள் போய் இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை. நெஞ்சு நோய். எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொல்லும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

இந்தச் சுத்தப் பைத்தியம் அவளோடு பிறந்ததில்லை. கல்யாணமாகி வந்தபோது எல்லாரையும் போலத்தான் இருந்தாள். மூலையில் ஒட்டடை தொங்கினால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிற ஆள்தான். அண்ணன் அப்போதே கல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். பாறையை அறுத்துப் பலகையாக்கி, பாலிஷ் போட்டு, அடுப்படி மேடைக்கும் மாடிப்படிக்கும் அனுப்புகிற பட்டறை. அண்ணனுக்கு ஓரம் தேய்க்கிற வேலை. கையில் பிடிக்கிற மெஷினை வைத்துக் கல்லின் விளிம்பைத் தேய்க்கத் தேய்க்க வெள்ளையாகப் பொடி கிளம்பும். பட்டறையில் அதற்கு மாவு என்று பெயர். சாயங்காலம் அவன் வரும்போது புருவம், இமை, காது மடல் எல்லாம் நரைத்திருக்கும். போகும்போது தம்பி, வரும்போது தாத்தா என்று நான் கேலி செய்வேன்.

அந்தப் பட்டறையில் அறுவை மெஷின்காரர் ஒருவர் இருந்தார். ஆஜானுபாகுவான மனுஷர். அவர் சிரித்தால் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும் என்பான் அண்ணன். அவருக்கு இருமல் வந்தது. பிறகு படி ஏற முடியாமல் போயிற்று. பிறகு படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்கினார். அண்ணனும் அண்ணியும் பார்க்கப் போனபோது தலையணையைக் கட்டிக்கொண்டு கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்தாராம். இவர்களைப் பார்த்து "வாங்க" என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்த ஒரு வார்த்தை வெளியே வருவதற்குள் அவர் பட்ட பாட்டை அண்ணியால் பார்க்க முடியவில்லை. அதற்கப்புறம் அவர் அதிக நாள் இருக்கவில்லை.

அந்தச் சாவுக்குப் போய்விட்டு வந்த மறுநாள் காலையில்தான் அண்ணி ஜன்னல் திரைகளைக் கழற்றினாள். என்ன இது கூத்து என்று கேட்டேன்.

"நாளெல்லாம் அங்க மாவு தின்னுட்டு வராரு. அதை என்னால நிறுத்த முடியாது. வேற வேலையும் அவருக்குத் தெரியாது. வீட்லயாவது அந்த நெஞ்சுக்கு ஓய்வு வேணாமா?"

அதற்காகக் கிண்டலை நிறுத்தினேனா என்றால், இல்லை. என் வாய் அப்படி.

அன்றிலிருந்து அவளுக்கு இருந்தது ஒரே பயம். அண்ணனும் அப்படித் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது. அவன் தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால்கூட அடுப்படியிலிருந்து ஓடி வருவாள். தூங்கும்போது அவன் முதுகில் காதை வைத்துக் கேட்பாள் என்று அண்ணனே வெட்கத்தோடு ஒரு தடவை சொன்னான். பட்டறையில் அந்த மனுஷர் போன பிறகு எல்லாருக்கும் முகமூடி கொடுத்தார்கள். மற்றவர்கள் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பீடி பிடித்தார்கள். அண்ணன் மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டான். போடாமல் வந்தால் காதுக்குப் பின்னால் கயிற்றின் தடம் இருக்காது, அண்ணி கண்டுபிடித்துவிடுவாள் என்ற பயம் அவனுக்கு.

சாயங்காலம் அவன் முன்வாசல் வழியாக வரக் கூடாது. வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. எங்கள் சுவருக்கும் அடுத்த வீட்டுச் சுவருக்கும் நடுவே, இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கமும் தொடுகிற அளவு. அதே வீட்டின் மாடி அறையில்தான் நான் இருக்கிறேன். என் தையல் மெஷின் பக்கத்து ஜன்னல் அந்தச் சந்தைப் பார்த்துத்தான் இருக்கிறது. அண்ணன் அங்கே வந்து நிற்பான். சட்டையைக் கழற்றி அண்ணியிடம் கொடுப்பான். அவள் முதலில் மேலே பார்த்து, "ஜன்னலைச் சாத்திக்கோம்மா" என்று எனக்குக் குரல் கொடுப்பாள். பிறகு அவனிடம், "அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க, துண்டால மூக்கைப் பொத்திக்கோங்க" என்பாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பான், வாத்தியார் நிறுத்திவைத்த பையன் மாதிரி. அவள் சட்டையின் தோள்பட்டை இரண்டையும் பிடித்துச் சுவரில் பளார் பளாரென்று அடிப்பாள். அடுத்தது கால்சட்டை, தொப்பி, காலுறை. சந்து முழுக்க வெள்ளையாகிவிடும். கடைசியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிச் சந்தைக் கழுவிவிட்டுத்தான் துணியை ஊறப்போடுவாள்.

ஏன் நேராக நனைக்கக் கூடாது என்று கேட்கலாம். பட்டறைக்காரர்களின் வீட்டுப் பெண்கள் ஒருத்தியும் நனைக்க மாட்டாள். மாவுத் துணியை உதறாமல் தண்ணீரில் போட்டால் பொடி கூழாகி இழைக்குள் இறங்கிவிடும். காய்ந்ததும் சட்டை அட்டையாக நிற்கும். இரண்டு தடவை அப்படித் துவைத்தால் மடிப்பில் கிழியும், சாக்கடையும் அடைத்துக்கொள்ளும். அதனால் முதலில் உதறல், பிறகுதான் ஊறல். அந்த வேலைக்கு வாழ்க்கைப்பட்ட எல்லாரும் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி கற்றுக்கொண்டது அதுதான்.

நீயும் மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டால் என்ன என்று அண்ணன் ஒரு நாள் கேட்டானாம். "நானும் வாயை மூடிட்டா அப்புறம் யாரு பேசறது?" என்றாளாம் அண்ணி. அதுவும் உண்மைதான். என் அண்ணன் வாய் திறக்காத ஆள். வீட்டுக்குள் வந்துவிட்டால் சாப்பாடு, செய்தித்தாள், தூக்கம். அந்தச் சந்தில் நிற்கிற நேரத்தில்தான் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். மகளின் படிப்பு, அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தது, கல்யாணம் செய்து வேற்றூருக்கு அனுப்பியது, எல்லாம் அங்கேதான் முடிவாயிற்று. பளார் என்று ஓர் அடி, நடுவில் ஒரு பேச்சு, மறுபடி ஓர் அடி. சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எனக்கு அரைகுறையாகக் கேட்கும். சில நாள் அண்ணன் சிரிப்பதும் கேட்கும்.

அண்ணிக்கு இருமல் எப்போது ஆரம்பித்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஏனென்றால் அந்த வீட்டில் அண்ணனின் இருமலைத்தான் எல்லாரும் கவனித்தோம். அவன் தொண்டையைச் செருமினால் மூன்று தலைகள் திரும்பும். அவள் இருமினால் சளி. எந்நேரமும் தண்ணீரில் கை வைத்துக்கொண்டிருந்தால் சளி பிடிக்காமல் என்ன செய்யும் என்று நானே திட்டினேன். அவளும் அதையே சொல்லிக்கொண்டாள். மின்விசிறி துடைக்க முக்காலி மேல் ஏறினால் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயசாகிறது என்றாள். நாற்பத்தைந்து ஒரு வயசா?

தெருமுனை டாக்டரிடம் போனாள். அவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இது தூசியால் வருகிற இளைப்பு என்றார். உறிஞ்சுகிற மருந்து ஒன்றை எழுதிக் கொடுத்தார். அதோடு புத்திமதியும் சொன்னார்: வீட்டைக் கொஞ்சம் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும், ஈரத்துணியால் துடைப்பது நல்லது.

வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரிப்பு இருமலாயிற்று. இருமல் நிற்கவே இல்லை. நான் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். அன்றைக்குத்தான் நான் பயந்தேன். அவளோ மறுநாளிலிருந்து தினம் இரண்டு தடவை துடைக்க ஆரம்பித்தாள். டாக்டரே சொல்லிவிட்டாரே.

மாடி ஏறி என் அறைக்கு வர முடியாமல் பாதிப் படியில் அவள் உட்கார்ந்துவிட்ட அன்று, நான் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அண்ணனுக்கு அன்று அவசர வேலை. அவன் வருகிறேன் என்றதற்கு, சளிக்கு ஒரு ஊர்வலமா என்று அவள்தான் தடுத்துவிட்டாள். நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். நெஞ்சு டாக்டர் சின்ன வயசுப் பெண். படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்துவிட்டு, உறையை எடுத்து அதிலிருந்த எண்ணைப் பார்த்தாள்.

"இது யாரோட படம்?"

"என்னோடதுதான்" என்றாள் அண்ணி.

டாக்டர் நம்பவில்லை. வேறு யாருடையதாவது மாறி வந்துவிட்டதா என்று கேட்டுவர ஆளை அனுப்பினாள். மாறவில்லை என்று பதில் வந்தது.

"நீங்க கல்லு உடைக்கிற வேலையா பாக்கறீங்க?"

"நானா? வீட்டு வேலைதான்."

"எத்தனை வருஷமா?"

"கை கால் முளைச்சதுல இருந்து" என்றாள் அண்ணி. டாக்டர் சிரிக்கவில்லை.

"வீட்டுக்காரர் என்ன வேலை?"

சொன்னோம். அவர் துணியை யார் துவைக்கிறார்கள் என்று கேட்டாள். அண்ணிக்கு முகம் மலர்ந்தது. அவ்வளவு வருஷத்தில் அவளுடைய வேலையைப் பற்றி மெனக்கெட்டுக் கேட்டது அந்தப் பெண் ஒருத்திதான். நனைத்தால் கூழாகும், அதனால் முதலில் உதற வேண்டும், சந்தில் வைத்துத்தான் உதற வேண்டும், வீட்டுக்குள் ஒரு பொட்டுகூட வராது, அவரைத் திருப்பி நிறுத்தி மூக்கைப் பொத்தச் சொல்லிவிடுவேன் என்று ஒன்று விடாமல் சொன்னாள். நடுநடுவே மூச்சு வாங்க நிறுத்தினாள். டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தாள். எல்லாம் முடிந்ததும் பேனாவை மூடி வைத்தாள்.

பிறகு மெதுவாகத்தான் சொன்னாள். கல்லைத் தேய்க்கும்போது வருகிற மாவில் கனமான பொடி கீழே விழுந்துவிடும். துணியில் காய்ந்து, உதறும்போது கிளம்புகிறதே, அது கண்ணுக்கே தெரியாத பொடி. நெஞ்சின் அடி வரைக்கும் போகும், போனால் வராது. முகமூடி போட்டவருக்கு அங்கே கொஞ்சம் காப்பு இருக்கிறது. சுவருக்கும் சுவருக்கும் நடுவே வெறும் முகத்தோடு நின்றவளுக்கு ஒன்றும் இல்லை. இருக்கிற மூச்சைக் காப்பாற்றிக்கொள்ள மருந்து தரலாம், போன மூச்சைத் திருப்ப மருந்து கிடையாது.

அண்ணி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப அவருக்கு?"

"அவரையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. பாத்துடலாம்."

வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். டீ வாங்கிக் கொடுத்தேன். அவள் குடிக்காமல் ஊதிக்கொண்டே இருந்தாள், அதற்கும் மூச்சு போதவில்லை.

"அவருக்குத் தெரிய வேணாம்" என்றாள்.

"ஏன்?"

"தெரிஞ்சா நாளைக்கு அந்தச் சட்டையை எடுத்து எப்படி மாட்டுவாரு?"

"அப்ப உங்க கதி?"

"நான் மூக்குல துணி கட்டிக்கறேன்."

"புதுசா கட்டிக்கிட்டா ஏன்னு கேக்க மாட்டானா?"

டீயை என் கையில் கொடுத்துவிட்டாள். நான் அதையும் சேர்த்துக் குடித்தேன்.

சாயங்காலம் என் மெஷினில் உட்கார்ந்தேனே தவிரக் கை ஓடவில்லை. அண்ணன் சந்தில் வந்து நின்ற சத்தம் கேட்டது. "ஜன்னலைச் சாத்திக்கோம்மா" என்ற குரலும் வந்தது. எட்டிப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறான். அவள் மூக்கில் துணியும் இல்லை, ஒன்றும் இல்லை. சட்டையின் தோள்பட்டை இரண்டையும் பிடித்துக் கையை ஓங்குகிறாள்.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. சட்டையை அவள் கையிலிருந்து பிடுங்கி, பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரில் அமுக்கினேன்.

"என்ன பண்ற நீ? கூழாயிடும்" என்றாள் அண்ணி.

"ஆகட்டும்."

அண்ணன் மூக்கில் பொத்திய துண்டோடு திரும்பினான். "உங்க ரெண்டு பேர் சண்டையில என் சட்டையை ஏன் இழுக்கறீங்க" என்று சிரித்தான். அண்ணி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை அசைத்தாள். நான் யாருக்கும் சத்தியம் செய்து கொடுத்திருக்கவில்லை. அண்ணனிடம் சொன்னேன். டாக்டர் சொன்னதை அப்படியே, அவளை வைத்துக்கொண்டே சொன்னேன்.

முதலில் அவனுக்கு விளங்கவில்லை. யாருக்கு, எனக்கா என்று கேட்டான். இரண்டாம் தடவை சொன்னதும் துண்டை மூக்கிலிருந்து எடுத்தான். அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் மூக்கைப் பொத்திட்டு நின்னேன்" என்றான்.

துண்டை மடித்தான்.

"இவ்வளவு வருஷமும் நான் மூக்கைப் பொத்திட்டு நின்னேன்."

பின்கட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டான். தலையிலும் தோளிலும் மாவு அப்படியே இருந்தது. அண்ணி பக்கத்தில் போனாள். அவன் கையை நீட்டி, கிட்டே வராதே என்று தடுத்தான். அவள் அங்கேயே நின்று, "எந்திரிச்சுக் குளிங்க முதல்ல. மாவோட உக்காந்தா எப்படி" என்றாள். அழுதது நான்தான். அவர்கள் இரண்டு பேரும் அழவில்லை.

மறுநாளிலிருந்து அண்ணன் பட்டறைக் குழாயிலேயே குளித்து, வேலைத் துணியை அங்கேயே வாளியில் போட்டு அலசி, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்தான். அட்டையாக நின்றால் நிற்கட்டும் என்று அதையே மாட்டிக்கொண்டு கல்லைத் தேய்த்தான். நான் பட்டறைக்காரர்கள் வீடு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். உதறாதீர்கள், நனையுங்கள் என்று தொண்டை வறளக் கத்தினேன். சிலர் கேட்டுக்கொண்டார்கள். ஒருத்தி, சட்டை கிழிந்தால் நீயா தைத்துக் கொடுப்பாய் என்று சண்டைக்கு வந்தாள். கொண்டு வா, தைத்துத் தருகிறேன் என்றேன். இன்றைக்கும் கொண்டு வருகிறாள்.

அண்ணி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரு வாரத்துக்கு மேல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பிறகு மின்விசிறி இறக்கையின் மேல்பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. அவளால் முக்காலி ஏற முடியவில்லை. அதனால் என்னை மன்னித்துவிட்டாள்.

கொஞ்ச நாளில் அவள் கட்டிலோடு ஆகிவிட்டாள். கட்டிலை முன்னறை ஜன்னலோரம் போட்டோம். துடைக்கிற வேலையை அண்ணன் எடுத்துக்கொண்டான். காலையில் பட்டறைக்குப் போகும் முன் துணியை நனைத்துக்கொண்டு நிற்பான். அவள் படுத்தபடியே சொல்லுவாள், விசிறி, அலமாரி, கம்பி, மேசை. அவனுக்குப் பழகிய கை வேறு. பலத்தையெல்லாம் போட்டு வட்ட வட்டமாகத் தேய்ப்பான். "பாலிஷ் போடாதீங்க. அது கல்லு இல்ல, அலமாரி" என்பாள் அவள். அவன் நின்று, மெதுவாக ஒரு தடவை இழுப்பான். அவள் தலையை ஆட்டுவாள்.

சாயங்காலந்தான் பார்க்க முடியாமல் இருந்தது. அவன் குளித்து, சீவி, சுத்தச் சட்டையோடு முன்வாசல் வழியாக உள்ளே வருவான். கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருவான். அவள் அவனைப் பார்ப்பாள், அவன் ஜன்னலைப் பார்ப்பான். எங்கே ஆரம்பிப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இருபத்து மூன்று வருஷமும் உதறலுக்கு நடுவே பேசியவர்கள். வெறும் கையோடு எதிரெதிரே உட்கார்ந்து பேச அவர்களுக்குப் பழக்கமே இல்லை. "சாப்டீங்களா" என்பாள். "ம்" என்பான். நான் மாடியில் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தேன், கேட்க ஒன்றும் இல்லை.

தன் நோயைப் பற்றி அவள் பேசவே மாட்டாள். அவனைப் படம் எடுக்கக் கூட்டிப் போ என்றுதான் தினமும் என் உயிரை வாங்குவாள். கல்யாணமான மகள் வந்து தங்கியிருந்தபோது அவளையும் ஏவினாள். அண்ணன் அசையவில்லை. வேலை இருக்கிறது, பிறகு பார்க்கலாம், எனக்கு ஒன்றுமில்லை என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சாக்கு. பயப்படுகிறான் என்றுதான் நான் நினைத்தேன். மாடிப்படியில் மடக்கிக் கேட்டேன்.

"எடுத்துப் பாத்துடேன் அண்ணா. இருந்தா இப்பவே மருந்து சாப்பிடலாம்ல."

"இருந்தா பரவால்ல" என்றான். பிறகு, "இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்றான்.

படியிலிருந்து விலகி அவனுக்கு வழிவிட்டேன். வாயாடி என்று பெயர் வாங்கியவள் நான்.

கடைசியில் அவள் மாத்திரையை நிறுத்தினாள். நீங்கள் படம் எடுக்கப் போகிறவரைக்கும் நான் விழுங்க மாட்டேன் என்று உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். இரண்டாம் நாள் மூச்சு அவளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். நானும் கூடப் போனேன். அதே நெஞ்சு டாக்டர், அதே விளக்கு. அவள் படத்தை மாட்டி, கிட்டே போய்ப் பார்த்து, திரும்பும்போது சிரித்தாள்.

"நெஞ்சு நல்லா இருக்கு. முகமூடி ஒழுங்கா போட்டிருக்கீங்க. வீட்லயும் நல்லா பாத்துக்கிட்டிருக்காங்க. பயப்பட ஒண்ணுமில்ல."

சொல்லி முடித்த பிறகுதான், யாருடைய வீட்டுக்காரர் இவர் என்று அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றுபோயிற்று. அண்ணன் அவளைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். நடைபாதையில் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாரும் இருமிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே சுவரோடு சாய்ந்து நின்று, படத்தின் உறையை முகத்தில் வைத்துக்கொண்டு விம்மினான். நல்ல சேதி வாங்கிக்கொண்டு அழுகிற மனுஷனை அந்த ஆட்கள் எல்லாரும் பாவம் என்று பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அண்ணி கையை நீட்டினாள். நான் படத்தை உறையிலிருந்து உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மேலே தூக்கு என்றாள். தூக்கினேன். இந்தப் பக்கம் திருப்பு என்றாள். திருப்பினேன். தன்னுடைய படத்தைப் பார்த்திருந்ததால் எங்கே என்ன பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மேலேயிருந்து கீழே, ஓரம் ஓரமாக, நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அடி வரைக்கும் வந்ததும் தலையணையில் சாய்ந்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். "பாத்தியா... ஒண்ணுமே இல்ல."

மகளின் கல்யாணத்துக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. என் கையிலிருந்து மாத்திரையை அவளே வாங்கி விழுங்கினாள். அண்ணன் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"அங்கேயே நின்னா எப்படி? வந்து பாருங்க."

அவன் வந்தான். படத்தைப் பார்க்கவில்லை. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒட்டிப்போன அவள் முகத்தையும், மூச்சுக்கு மூச்சு உள்ளே குழிகிற கழுத்தையும் பார்த்தான்.

"இதுக்கா?" என்றான். "இதுக்காகவா இவ்வளவும்?"

அவன் என்ன கேட்கிறான் என்றே அண்ணிக்குப் புரியவில்லை.

"பின்ன வேற எதுக்கு?" என்றாள்.